மண்பானையும் தும்பு மெத்தையும்: பள்ளிவாசலில் ஒலி அடக்கிய கதை

எஹலியகொடையில் மழை பிடித்தால், தகரக் கூரையின் கீழ் பேச்சு எடுபடாது. "மழ பெஞ்சா குத்பா வெளங்காது, ஆமீன் செல்ற சத்தத்திலதான் துஆ ஓதுறது தெரியும்" என்று எங்கட பெரியவங்க சிரிச்சிட்டே செல்லுவாங்க. சிரிப்புக்குள் ஒரு குறையும் இருந்தது. குத்பா கேட்பதற்கே உரியது.

கேளாமைக்குக் காரணம் இரண்டு. ஒன்று, வெளிச்சத்தம். அதைத் தடுக்கப் பாரமான, இடைவெளியற்ற சுவரும் கூரையும் வேண்டும். மெல்லிய தகரம் மழைத்துளிக்கு றபானாகிவிடும். தோட்டத்து லயங்களில் நடுச்சுவர் கூரை வரை எழாவிட்டால், ஒரு காம்பராவின் இருமல் அடுத்த காம்பராவுக்கும் கேட்கும். மற்றது, உள்ளே பேசிய சொல்லே சுவரில் பட்டுத் திரும்பி அடுத்த சொல்லோடு கலப்பது. இதற்கு ஒலியை உறிஞ்சும் பொருள் வேண்டும்.

இந்த இரண்டாவது நோய்க்கு மிஃமார் சினான் செய்த வைத்தியம் வியப்பானது. 1557இல் இஸ்தான்புல்லில் அவர் கட்டி முடித்த சுலைமானிய்யாப் பள்ளியின் குவிமாடத்தில், வாய் உள்நோக்கியபடி மண்பானைகள் பதிக்கப்பட்டன. பானைக் கழுத்திலுள்ள காற்று தனக்கேற்ற சுருதிக்கு அதிர்ந்து, அந்த ஒலியின் பலத்தைக் குறைக்கும்.

1895இல் அமெரிக்காவின் ஹாவார்ட் பல்கலைக்கழகத்தில் புதிய விரிவுரை மண்டபமொன்றில் ஒரு சொல் ஐந்து வினாடிக்கு மேல் சுற்றிக்கொண்டிருந்தது. வொலஸ் சபைன் என்ற இளம் ஆசிரியர், வேறொரு மண்டபத்தின் இருக்கை மெத்தைகளை இரவில் சுமந்து வந்து பரப்பி, ஓர்கன் குழாயை ஊதி, ஒலி அடங்கும் நேரத்தை அளந்தார். மெத்தை கூடக் கூட நேரம் குறைந்தது. உறிஞ்சலுக்கு அவர் வைத்த அளவுகோல் திறந்த ஜன்னல். வெளியே போன ஒலி திரும்பி வராதே! மனித உடலும் உடையும் எவ்வளவு உறிஞ்சும் என்றும் கணக்கிட்டார்.

இதை அறிந்தபோது எங்கட பழைய பள்ளி நினைவுக்கு வந்தது. மெல்லிய பன்பாய் கொஞ்சம்தான் உறிஞ்சும். ஆனால் நாலு பக்கமும் ஜன்னல் திறந்திருக்கும். ஜும்ஆவுக்கு ஜனம் நிறைந்திருக்கும். இப்போது டைல்ஸ், கண்ணாடி, ஏசி. ஜன்னல் மூடிவிட்டது. சுபஹுக்கு இரண்டு ஸப்பு மட்டும் நிற்கும்போது கிராஅத் எதிரொலியில் கரைகிறது. ஸ்பீக்கரைக் கூட்டினால் எதிரொலியும் சேர்ந்தே கூடும்.

மருந்து தூரத்தில் இல்லை. தென்னந்தும்பு ஒலியை நன்கு உறிஞ்சும். தும்பை இறப்பர் பாலில் பிணைத்து மெத்தை செய்வது இந்நாட்டின் பழகிய தொழில்; இறப்பரோ எங்கட சப்ரகமுவ மண்ணில் விளைவது. அந்தத் தும்புப் பலகையைத் தீப்பிடிக்காதபடி பதப்படுத்தி, பின்சுவரிலிருந்து சில அங்குலம் தள்ளிப் பொருத்தினால் கனத்த குரலையும் ஓரளவு அடக்கும். மழைச்சத்தத்தை இது தடுக்காது. அதற்குக் கூரையைத்தான் பார்க்க வேண்டும்.

அடுத்த ஸ்பீக்கர் வாங்க முந்தி, ஆளில்லாத நேரம் பள்ளி நடுவில நிண்டு ஒருதரம் கை தட்டிப் பாருங்க. சத்தம் அடங்க எத்தனை வினாடி என்று எண்ணுங்க.