மோட்டார் சைக்கிளும் உயிர்க்காப்பும்

மனிதன் ஒரு புதிய பொறியை ஆக்கும்போது அதனை ஓட்டும் வகையை விரைவிற் கற்றுக்கொள்கிறான். அதனோடு உயிர் தப்பி வாழும் வகையை மிகவும் பிந்தியே கற்கிறான். இவ்வுண்மைக்கு மோட்டார் சைக்கிளின் வரலாறு தக்க சான்றாகும். 1885ஆம் ஆண்டிலே ஜெர்மனியில் கொட்லீப் டைம்லர், வில்ஹெல்ம் மேபாக் என்னும் இருவர் மரச்சட்டம் ஒன்றிலே சிறியதோர் எந்திரத்தைப் பொருத்தி ஓடவிட்டனர். ஒன்பது ஆண்டுகளின் பின், 1894இல், மியூனிச் நகரத்திலே மோட்டார் சைக்கிள்கள் விற்பனைக்கென்றே செய்யப்படலாயின. வண்டி விற்றவர்கள் வேகத்தை விற்றார்கள். வாங்கியவர்களும் வேகத்தையே வாங்கினார்கள். விழுந்தால் என்ன ஆகும் என்பதை அந்நாளில் ஆராய்ந்தவர் மிகச் சிலர்.

மோட்டார் காரிற் செல்பவனைச் சுற்றி இரும்பினாலான ஒரு கூடு இருக்கிறது. மோட்டார் சைக்கிளிற் செல்பவனுக்கோ அவனது உடலே கூடு. கை முறிந்தால் பொருத்தலாம். கால் முறிந்தாலும் பொருத்தலாம். மண்டையோட்டினுள்ளே மெழுகுபோல் மென்மையாயுள்ள மூளை நசுங்கினால் அதனைப் பொருத்துவார் இல்லை. ஆகவே இவ்வண்டியின் பாதுகாப்பு வரலாறு முதன்மையாகத் தலையைக் காத்த வரலாறாகவே தொடங்கியது. இங்கிலாந்துக்கும் அயர்லாந்துக்கும் இடையிலுள்ள மான் தீவிலே ஆண்டுதோறும் நிகழும் புகழ்பெற்ற ஓட்டப் போட்டியில், 1914ஆம் ஆண்டில் தலைக்கவசம் கட்டாயமாக்கப்பட்டது. ஆயின் அது பந்தயக்காரருக்கு மட்டும் உரிய விதியாகவே நின்றது. பொது வீதியிலே வெறுந்தலையோடு செல்வதை எவரும் தவறெனக் கருதவில்லை.

அக்கருத்து அசைவதற்கு ஒரு பெரிய மனிதனின் மரணம் வேண்டியிருந்தது. முதலாம் உலகப் போர்க் காலத்திலே அரபு நாட்டுப் பாலைவனத்திற் போராடி உலகப் புகழ் பெற்றவர் ரி. ஈ. லோறன்ஸ். அவர் மோட்டார் சைக்கிள்மீது தணியாத மோகங் கொண்டவர். 'புறொவ் சுப்பீரியர்' என்னும் விலையுயர்ந்த வண்டிகளை ஒன்றன்பின் ஒன்றாக வாங்கி ஓட்டி வந்தார். விமானப் படையிலிருந்து ஓய்வு பெற்றுச் சில மாதங்களே ஆகியிருந்த நிலையில், 1935ஆம் ஆண்டு மே மாதம் 13ஆம் நாள், இங்கிலாந்தின் டோசெற் மாவட்டத்திலே தமது குடிலுக்கு அருகிலுள்ள படை முகாமுக்குச் சென்று தந்தி ஒன்றை அனுப்பிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார். வழியிலே துவிச்சக்கர வண்டிகளிற் சென்ற இரு சிறுவர்கள் எதிர்பாராது முன்னே தென்பட்டனர். அவர்களை மோதாதிருக்க வண்டியைத் திருப்பியவர் நிலைதவறி வீசியெறியப்பட்டார். தலையிலே கவசம் இல்லை. ஆறு நாட்கள் நினைவிழந்து கிடந்து மே 19ஆம் நாள் உயிர் நீத்தார். அப்போது அவருக்கு வயது நாற்பத்தாறு.

அவருக்குச் சிகிச்சையளிக்க அழைக்கப்பட்ட வைத்தியருள் ஹியூ கெயன்ஸ் என்பவரும் ஒருவர். அவுஸ்திரேலியாவிலே 1896இற் பிறந்த இவர், அமெரிக்காவின் பேர்பெற்ற மூளைச் சத்திரசிகிச்சை நிபுணரான ஹாவி குஷிங்கிடம் பயின்றவர். பின்னர் ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்திலே சத்திரசிகிச்சைப் பேராசிரியராய் விளங்கினார். லோறன்சைக் காப்பாற்ற அவராலும் இயலவில்லை. ஆயின் கைவிட்டுப்போன அந்த ஓர் உயிரோடு அவர் அவ்விடயத்தை மறந்துவிடவில்லை. இவ்வாறு எத்தனை பேர் இறக்கின்றனர், எதனால் இறக்கின்றனர், அதனைத் தடுக்க வழியுண்டா என்னும் வினாக்களுக்கு எண்களைக் கொண்டே விடை காண முற்பட்டார்.

இரண்டாம் உலகப் போர் மூண்டது. விமானத் தாக்குதலுக்கு அஞ்சி இரவிலே விளக்குகள் மறைக்கப்பட்டன. படைகளிடையே செய்திகளைக் காவிச் சென்ற இளைஞர்கள் மோட்டார் சைக்கிள்களிலே இருளைக் கிழித்துக்கொண்டு ஓடினர். பகைவனின் குண்டு அவர்களைத் தேடி வருமுன்னரே வீதி அவர்களைப் பலிகொண்டது. கெயன்ஸ் 1941ஆம் ஆண்டு ஒக்டோபரிலே பிரித்தானிய வைத்திய சஞ்சிகையில் ஒரு கட்டுரை வெளியிட்டார். போர் தொடங்கிய முதல் 21 மாதங்களிலே பிரித்தானியாவில் 2279 மோட்டார் சைக்கிள் ஓட்டுநரும் பின்னாசனத்தில் இருந்தோரும் மாண்டனர் என்பதை அதில் எடுத்துக்காட்டினார். தலைக்கவசம் அணிந்திருந்தவாறே விபத்துக்குள்ளானோரில் ஏழு பேரை மட்டுமே அவராற் காண முடிந்தது. அந்த எழுவரும் உயிர் தப்பியிருந்தனர்.

ஏழு என்பது சிறிய தொகை. அதைக்கொண்டு முடிவு கூறலாமா என்று ஐயுறுவோர் இருந்திருக்கலாம். ஆயினும் பிரித்தானியப் படைத் தலைமை காலந் தாழ்த்தவில்லை. 1941 நவெம்பர் மாதத்திலே, படையின் பணியில் மோட்டார் சைக்கிள் ஓட்டும் யாவரும் தலைக்கவசம் அணிதல் வேண்டும் என்று கட்டளை பிறந்தது. 1946இல் வெளியிட்ட மற்றொரு கட்டுரையிலே கெயன்ஸ் போர்க்கால மரணங்களை மாதவாரியாக வரைபடத்திற் காட்டினார். கட்டளைக்குப் பின் மரணத் தொகை படிப்படியாக இறங்கி வந்ததை அவ்வரைபடத்தில் எவரும் காணலாம். அவ்வாண்டிலேயே அவருக்கு 'சேர்' பட்டமும் கிடைத்தது.

தலைக்கவசம் செய்யும் தொழில் எளியதே. அதன் வெளியோடு அடியைப் பரந்த இடத்திற் பரவச் செய்கிறது. உள்ளேயுள்ள மெத்தென்ற பகுதி தான் நசுங்கி, தலை நிற்பதற்கு ஒரு கணநேரத்தை மிகையாகக் கொடுக்கிறது. தென்னங்கீற்றின்மீது விழும் தேங்காய்க்கும் கருங்கல்லின்மீது விழும் தேங்காய்க்கும் உள்ள வேறுபாடே இது. கெயன்சின் காலத்திலே இறப்பரினாலும் அழுத்திய மரக்கூழினாலும் கவசங்கள் செய்யப்பட்டன. பொருள்கள் பின்னர் மாறின, தத்துவம் மாறவில்லை. தரமான தலைக்கவசம், விபத்துக்குள்ளானவர் இறக்கும் வாய்ப்பை ஏறக்குறைய நூற்றுக்கு 42 பங்கும், தலைக் காயமடையும் வாய்ப்பை ஏறக்குறைய நூற்றுக்கு 69 பங்கும் குறைக்கிறது என்று, பல நாட்டு ஆராய்ச்சிகளை ஒருங்கே நோக்கி 2008இல் வெளியான தொகுப்பாய்வு கணித்தது.

படைவீரனுக்கு 1941இற் கிடைத்த காப்பு, குடிமகனுக்கு எப்போது கிடைத்தது? உலகிலேயே முதன்முதலாக அவுஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் 1961இல் தலைக்கவசத்தைச் சட்டத்தினாற் கட்டாயமாக்கியது. கெயன்சின் சொல் முதன்முதல் ஒலித்த பிரித்தானியாவிலோ 1973ஆம் ஆண்டு யூன் மாதத்திலேதான் அச்சட்டம் நடைமுறைக்கு வந்தது. உண்மை நாட்டப்பட்டதற்கும் அது சட்டமானதற்கும் இடையே 32 ஆண்டுகள் கழிந்தன. கெயன்ஸ் 1952இலேயே மறைந்துவிட்டார். அந்த இடைக்காலத்திலே அணைந்துபோன உயிர்கள் அறியாமையால் மட்டும் அழிந்தவை அல்ல. அறிந்ததைச் செய்யாமையாலும் அழிந்தவை.

செய்ததைக் கைவிட்ட வரலாறும் உண்டு. அமெரிக்காவிலே 1966ஆம் ஆண்டுச் சட்டமொன்று, தலைக்கவச விதி இயற்றாத மாநிலங்களுக்கு வீதி நிதியைக் குறைக்க வழி செய்தது. 1975 அளவிலே மூன்று மாநிலங்கள் நீங்கலாக ஏனையவெல்லாம் அவ்விதியை இயற்றியிருந்தன. தனிமனித உரிமையின் பேரால் எதிர்ப்பு மூளவே, 1976இல் அத்தண்டனை நீக்கப்பட்டது. சில ஆண்டுகளுள் அரைவாசியளவு மாநிலங்கள் தம் சட்டத்தை நீக்கின அல்லது தளர்த்தின. மரணங்கள் மீண்டும் பெருகின. அச்சத்தினாற் கைக்கொண்ட ஒழுக்கம் அச்சம் நீங்கியவுடன் நீங்கிவிடும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

எனினும் தலைக்கவசம் விழுந்தபின் காக்கும் கருவியே. விழாமற் காப்பது எது? இவ்வினாவுக்கு விடை தேடியவர் ஹரி ஹேர்ட் என்னும் அமெரிக்கப் பேராசிரியர். தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இவரும் துணைவரும், தாமே மோட்டார் சைக்கிள் ஓட்டப் பழகியவர்கள். லொஸ் ஏஞ்சலிஸ் நகரப் பகுதியிலே 900 விபத்துக்களுக்கு மேல் நிகழ்ந்த இடங்களுக்கே சென்று, சக்கரத் தடங்களை அளந்து, தப்பியவரை வினாவி ஆராய்ந்தனர். 3600 பொலிஸ் அறிக்கைகளையும் படித்தனர். 1981இல் வெளிவந்த அவர்களது முடிவுகள் பலரை வியப்பில் ஆழ்த்தின.

விபத்துக்களில் ஏறக்குறைய முக்காற் பங்கு, வேறொரு வாகனத்தோடு மோதியதால் நிகழ்ந்தது. அவ்வாறு மோதியவற்றில் மூன்றில் இரண்டு பங்கிலே, மற்றைய வாகனத்தின் சாரதியே மோட்டார் சைக்கிளுக்குரிய வழியை மறித்திருந்தார். காரணம் கேட்டபோது, மோட்டார் சைக்கிளைக் காணவேயில்லை, அல்லது காலங்கடந்தே கண்டேன் என்பதே பொதுவான விடை. பகலிலும் முன்விளக்கை ஏற்றிச் செல்வதும், மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு முதலிய பளிச்சென்ற நிறத்தில் மேலாடை அணிவதும் விபத்தைக் குறைக்கும் என்று அவ்வாய்வு எடுத்துரைத்தது.

மற்றொரு முடிவு இன்னும் சிந்திக்கத் தக்கது. விபத்துக்குள்ளான ஓட்டுநருள் நூற்றுக்கு 92 பேர் முறையான பயிற்சி எதுவும் பெறாதவர்கள். தாமாகவே பழகினர், அல்லது உறவினரிடமும் நண்பரிடமும் கற்றனர். ஆபத்துத் தோன்றியது முதல் மோதும் வரை அவர்களுக்குப் பெரும்பாலும் கிடைத்தது இரண்டு செக்கனுக்குங் குறைந்த அவகாசமே. மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்திற் செல்லும் வண்டி ஒரு செக்கனிலே ஏறக்குறைய 55 அடி ஓடிவிடும். அந்தச் சிறு பொழுதிலே அறிவு சிந்தித்து முடிவு செய்ய இயலாது. பழகிய கை மட்டுமே தொழிற்படும். பழகாத கை என்ன செய்தது? பின்சக்கரப் பிறேக்கை முழுப் பலத்தோடு மிதித்து வண்டியைச் சறுக்கவிட்டது. முன்சக்கரப் பிறேக்கைப் போதியவாறு பயன்படுத்தத் தவறியது. வண்டி நிற்க முனையும்போது பாரம் முன்சக்கரத்தின்மேற் சாய்கிறது; ஆகவே முன்பிறேக்கே வண்டியை நிறுத்துவதிற் பெரும்பங்கு கொள்கிறது. முன்பிறேக்கைத் தொட்டாற் கவிழ்ந்துவிடும் என்ற அச்சத்தை நண்பனிடமிருந்து கற்றவன், காப்பாற்றக்கூடிய பிறேக்கையே கைவிட்டு விடுகிறான்.

இக்குறையை நீக்குவதற்கே பயிற்சி இயக்கங்கள் தோன்றின. போருக்குப் பின்னர் பிரித்தானியாவிலே மோட்டார்க் கழகங்கள் தொண்டர்களைக் கொண்டு புதியவர்களைப் பழக்கின. அமெரிக்காவிலே 1973இல் மோட்டார் சைக்கிள் பாதுகாப்பு நிறுவனம் ஒன்று அமைக்கப்பட்டது. பிரித்தானியாவிலே நெடுங்காலம், பயிலுநருக்குரிய அடையாளப் பலகையைக் கட்டிக்கொண்டு, எவரிடமும் எதுவும் கற்காமலே ஒருவன் வீதிக்கு வரலாம் என்ற நிலை இருந்தது. 1990ஆம் ஆண்டு டிசெம்பரில் அந்நிலை முடிவுற்றது. பயிலுநன் முதலிலே வாகனப் போக்குவரத்தில்லாத வெளியிற் பழகி, பின்னர் ஆசிரியரோடு குறைந்தது இரண்டு மணி நேரம் வீதியில் ஓட்டிக் காட்டிய பின்னரே தனித்துச் செல்லலாம் என்பது விதியாயிற்று.

பயிற்சியென்றாற் போதும், விபத்து மறைந்துவிடும் என்று எண்ணுவதும் பிழையாகும். பயிற்சி மட்டுமே விபத்தைக் குறைத்தது என்பதை ஆராய்ச்சியாளரால் ஐயந்திரிபற நாட்ட இயலவில்லை. இதற்குக் காரணம் உண்டு. வண்டியைத் திருப்பவும் சாய்க்கவும் மட்டும் கற்றவன் திறமை பெறுகிறான். திறமையோடு துணிவும் பெறுகிறான். துணிவு வேகத்தைக் கூட்டுகிறது. கூடிய வேகம் பெற்ற திறமையை விழுங்கிவிடுகிறது. ஆகவே நல்ல பயிற்சி கையைப் பழக்குவதோடு கண்ணையும் மனத்தையும் பழக்குதல் வேண்டும். சந்தியிலே நிற்கும் கார் திடீரெனப் புறப்படலாம். நிற்கும் லொறியின் பின்னாலிருந்து குழந்தை ஒன்று ஓடிவரலாம். மழையின் முதல் துளிகள் வீதியை வழுக்கச் செய்யும். இவற்றை முன்கூட்டியே எண்ணி வேகத்தைக் குறைக்கும் பழக்கமே பயிற்சியின் பயன். அபாயத்தினின்று தப்புவது திறமை. அபாயத்தை அணுகவிடாதிருப்பது அறிவு.

மோட்டார் சைக்கிள்கள் மிகுந்த ஆசிய நாடொன்றின் அனுபவத்தையும் நோக்குதல் தகும். வியட்நாமிலே 2007ஆம் ஆண்டு டிசெம்பர் 15ஆம் நாள் முதல் எல்லா வீதிகளிலும் தலைக்கவசம் கட்டாயமாயிற்று. அதற்குமுன் அணிந்தோர் சிறுபான்மையினரே. விழிப்புணர்வுப் பிரசாரம் முன்னே சென்றது. பொலிசாரின் கண்டிப்புப் பின்னே வந்தது. சில வாரங்களுள்ளே பத்தில் ஒன்பது பேர்க்கு மேல் அணிந்து செல்லலாயினர். எனினும் குறைகளும் வெளிப்பட்டன. தரமற்ற மலிவுக் கவசங்கள் பெருகின. தாடைப் பட்டியைப் பூட்டாது பெயரளவில் அணிந்தோரும் இருந்தனர். பெற்றோர் அணிந்து, முன்னும் பின்னும் அமர்ந்த குழந்தைகள் வெறுந்தலையோடு செல்லும் காட்சி பரவலாயிற்று. சிறுவரை அவ்வாறு ஏற்றிச் செல்வோருக்குத் தண்டம் விதிக்க 2010இலே தனி விதி வேண்டியிருந்தது. சட்டம் தலையிலே கவசத்தை ஏற்றலாம். அதன் பட்டியைப் பூட்டுவது அவரவர் அறிவே.

இலங்கையிலும் பதிவு பெற்ற வாகனங்களில் அரைப் பங்குக்கு மேற்பட்டவை மோட்டார் சைக்கிள்களே. கமக்காரனைத் தோட்டத்துக்கும், ஆசிரியையைப் பாடசாலைக்கும், நோயாளியை வைத்தியசாலைக்கும் கொண்டுசெல்வது அதுவே. ஏழைக் குடும்பத்தின் கால் என்று அதனைக் கூறினும் பொருந்தும். அதனாலேயே அதன் விபத்து ஒருவனது விபத்தாக நின்றுவிடுவதில்லை. உழைப்பவன் வீழ்ந்தால் வீடு முழுவதும் வீழ்கிறது. ஒழுங்கையிலே அண்ணன் தம்பிக்கு அரைமணி நேரம் காட்டிக்கொடுப்பதே பல இடங்களில் ஓட்டுநர் பயிற்சியாக இருக்கின்றது. லொஸ் ஏஞ்சலிசிலே நூற்றுக்கு 92 பேர் கற்றதும் அத்தகைய பள்ளியிலேதான்.

மகனுக்கு வண்டி வாங்கிக் கொடுக்கும் பெற்றோர், வண்டியின் விலையோடு தரமான தலைக்கவசத்தின் விலையையும், தகுந்த ஆசிரியரிடம் சில நாட் பயிற்சி பெறுவதற்கான செலவையும் சேர்த்தே எண்ணுதல் வேண்டும். பின்னால் அமர்பவருக்கும், நடுவில் அமரும் குழந்தைக்கும் அளவான கவசம் வேண்டும். கார், லொறிச் சாரதிகளும் சந்தியிலே திரும்புமுன் மறுமுறை நோக்குதல் வேண்டும். கெயன்ஸ் வரைந்த படத்திலே மாதத்துக்கொரு புள்ளியாக நின்றவை வெறும் எண்கள் அல்ல. ஒவ்வொன்றும் வீடு திரும்பாத பிள்ளைகளின் தொகை. அந்தக் கோடு கீழிறங்கியது தற்செயலாக அன்று. எண்ணியவர் ஒருவர் இருந்தார், கட்டளையிட்டவர் இருந்தனர், கேட்டு நடந்தவரும் இருந்தனர். இம்மூவரில் ஒருவர் குறைந்தாலும் கோடு இறங்காது.