ஊறுகாய்க்கு 25 ரூபாய், சேவைக்குப் பத்து சதவீதம்

ஆவடியிலிருந்து பூந்தமல்லி போகும் வழியில் பருத்திப்பட்டுப் பக்கம் சாப்பிட உட்காருகிறவருக்கு இரண்டு விதமான கடைகள் உண்டு. வாசலில் தோசைக்கல், கல்லாவில் முதலாளி, சுவரில் சாக்பீஸ் விலைப்பட்டியல் என்று இருக்கும் சின்ன ஓட்டல் ஒன்று. ஏரிப் பூங்காவைச் சுற்றிவிட்டு வரும் குடும்பங்களை எதிர்பார்த்திருக்கும் ஏசி ரெஸ்டாரண்ட் மற்றொன்று. இரண்டிலும் சண்டை வருவது பணம் கொடுக்கும் நேரத்தில்தான். சின்ன ஓட்டலில், "பார்சல்னா பத்து ரூபா கூட வரும் சார்" என்பார்கள். "முதல்லயே சொல்லக் கூடாதாண்ணே?" என்று கேட்டால் பதில் வராது, அடுத்த ஆளைப் பார்ப்பார்கள். ஏசி ரெஸ்டாரண்டில் குரல் உயராது. அச்சடித்த பில்லில், சாப்பிட்ட தொகைக்கும் ஜிஎஸ்டிக்கும் நடுவே சர்வீஸ் சார்ஜ் என்று ஒரு வரி சேர்ந்திருக்கும்.

இந்த இரண்டு வகைச் சண்டையும் தீர்ப்பு வரை போயிருக்கின்றன. ஒன்று விழுப்புரத்தில், மற்றொன்று டெல்லியில். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தபோது எனக்கு வருத்தம்தான் மிஞ்சியது.

விழுப்புரத்து வழக்கு ஊறுகாய் வழக்கு என்றே பேர் வாங்கிவிட்டது. 2022 நவம்பரில் உறவினர் ஒருவரின் நினைவு நாளுக்காக ஒருவர் 25 பார்சல் சாப்பாடு வாங்கினார். ஒரு பார்சல் 80 ரூபாய், மொத்தம் 2,000. என்னென்ன வரும் என்று கேட்டபோது 11 வகை என்று சொன்னார்கள், அதில் ஊறுகாயும் உண்டு. வீட்டுக்குப் போய்ப் பிரித்தால் ஒரு பார்சலிலும் ஊறுகாய் இல்லை. ஒரு ரூபாய் வீதம் 25 ரூபாயைத் திருப்பிக் கேட்டார். ஓட்டல் தர மறுத்தது. கொடுத்த பணத்துக்கு ரசீது கேட்டதற்கும் துண்டுச் சீட்டில் எழுதித் தந்தார்கள். அவர் விடவில்லை. மாவட்ட நுகர்வோர் ஆணையம் 2024 ஜூலையில் தீர்ப்புச் சொன்னது: மன உளைச்சலுக்கு 30,000 ரூபாய், வழக்குச் செலவுக்கு 5,000, ஊறுகாய்க்கு 25. முறையான ரசீதும் தர வேண்டும்.

செய்தி வந்த நாளில் இதைச் சிரிப்புச் செய்தியாகத்தான் பலரும் பகிர்ந்தார்கள். எனக்கு அந்த ரசீதுதான் முக்கியமாகப் பட்டது. நம் பக்கத்துச் சின்ன ஓட்டல்களில் பில் என்ற பொருளின் ஆயுள் ஐந்து நிமிடம்தான். சப்ளையர் காதில் செருகிய பேனாவை எடுத்து, "2 மீ, 1 ஆம்" என்று கிழித்த தாளில் கிறுக்கிக் கொடுப்பார். அதைக் கல்லாவில் நீட்டிப் பணம் கொடுத்ததும் மேசை மேலிருக்கும் கம்பியில் குத்திவிடுவார்கள். கணக்கு கடைக்காரரிடமே தங்கிவிடும். சாப்பிட்டவர் கையில் சோம்பு மட்டும்தான் மிஞ்சும். பில் தர மறுப்பதே முறையற்ற வணிக நடைமுறை என்று 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. கம்பியில் குத்துகிறவருக்கு இது தெரியாது, கொடுத்துவிட்டுப் போகிறவருக்கும் தெரியாது.

டெல்லி வழக்கில் காகிதத்துக்குக் குறைவே இல்லை. அங்கே எல்லாம் அச்சில் இருந்தது. 2022 ஜூலை 4 அன்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வழிகாட்டுதல்களை வெளியிட்டது. சர்வீஸ் சார்ஜைத் தானாகப் பில்லில் சேர்க்கக் கூடாது, வேறு பெயரிலும் வாங்கக் கூடாது, தர மறுப்பவரை உள்ளே விடாமல் இருக்கக் கூடாது, அதைச் சேர்த்து அதன் மேல் ஜிஎஸ்டி போடவும் கூடாது என்பது சாரம். இந்திய தேசிய உணவகங்கள் சங்கமும், ஓட்டல் மற்றும் உணவகச் சங்கங்களின் கூட்டமைப்பும் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போயின. அந்த மாதம் 20-ஆம் தேதியே தடை கிடைத்தது. சர்வீஸ் சார்ஜ் உண்டு என்று மெனுவில் தெரியும்படி போட வேண்டும், பார்சலுக்கு வாங்கக் கூடாது என்பவை நிபந்தனைகள். 2025 மார்ச் 28-இல் நீதிபதி பிரதிபா எம். சிங் அந்த மனுக்களைத் தள்ளுபடி செய்தார். சர்வீஸ் சார்ஜைக் கட்டாயமாக வாங்குவது சட்டத்துக்கு விரோதம் என்றார். இரண்டு சங்கங்களும் ஆளுக்கு ஒரு லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்றும் உத்தரவிட்டார்.

கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். 1,000 ரூபாய்க்குச் சாப்பிட்டால் 5 சதவீத ஜிஎஸ்டியோடு 1,050. பத்து சதவீத சர்வீஸ் சார்ஜைச் சேர்த்தால் 1,100. வரி அதன் மேலும் விழும், ஆக 1,155. கேட்காத ஒன்றுக்கு 105 ரூபாய், அதில் ஐந்து ரூபாய் அந்தக் கேட்காததற்கான வரி.

உணவகங்கள் தரப்பு வாதத்தை ஒதுக்கிவிட முடியாது. டிப்ஸ் என்றால் பரிமாறுகிறவருக்கு மட்டும் போகும். அடுப்படியில் வேகிறவருக்கும் பாத்திரம் கழுவுகிறவருக்கும் ஒரு பைசா வராது. சர்வீஸ் சார்ஜ் என்றால் எல்லோருக்கும் பங்கு போகும் என்கிறார்கள். மெனுவில் படித்துவிட்டுத்தானே ஆர்டர் கொடுக்கிறார், அது ஒப்பந்தம்தானே என்றும் கேட்டார்கள். பாத்திரம் கழுவுகிறவர் மீது அக்கறை எனக்கும் உண்டு. அவர் கூலி முதலாளியின் செலவு. கேஸ், கரன்ட், வாடகை எல்லாம் தோசை விலைக்குள் அடங்கும்போது கூலி மட்டும் ஏன் தனி வரியாக வெளியே நிற்க வேண்டும்? தோசை 120 என்றால் 132 என்று போடட்டும். பிடித்தால் உட்காருவோம், இல்லையென்றால் அடுத்த கடைக்குப் போவோம்.

இதே கேள்வி சங்கங்கள் செய்த மேல்முறையீட்டிலும் எழுந்தது. ஓட்டலில் தண்ணீர் பாட்டிலை அச்சிட்ட அதிகபட்ச விலைக்கு மேல் விற்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017 டிசம்பரில் சொல்லியிருந்தது. உட்காரும் இடத்தையும் வசதியையும் சேர்த்துத்தான் அங்கே வாங்குகிறோம் என்பது அதன் அடிப்படை. 2025 ஆகஸ்டில் டெல்லி உயர் நீதிமன்ற அமர்வு உணவகங்களிடம் கேட்டது இதுதான்: 20 ரூபாய் பாட்டிலுக்கு 100 ரூபாய் வாங்கும்போதே அந்த வசதிக்கு வாங்கியாயிற்று, பிறகு சர்வீஸ் சார்ஜ் எதற்கு?

விழுப்புரத்தில் சொன்னது வரவில்லை. டெல்லியில் சொல்லாமல் எதையும் வாங்கவில்லை. சொல்லிவிட்டே, மறுக்க வழியில்லாமல் வாங்கினார்கள். முதலாவது கவனக்குறைவு, வேண்டுமானால் அலட்சியம் என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டாவது யோசித்து அமைத்த ஏற்பாடு. தண்டனையை ஒப்பிட்டால் என் வருத்தம் புரியும். 2,000 ரூபாய் வியாபாரத்துக்கு 35,000 கொடுக்கச் சொன்னது விழுப்புரம், பதினேழு மடங்குக்கு மேல். நாடு முழுக்கக் கிளை பரப்பிய உணவகங்களின் சங்கத்துக்கு ஒரு லட்சம். அதுவும் தடையாணையின் நிழலில் இரண்டு வருஷம் எட்டு மாதம் வசூலித்த பிறகு. அப்படிக் கொடுத்தவர்களில் எத்தனை பேர் 105 ரூபாய்க்காக வக்கீல் வைத்திருப்பார்கள்? விழுப்புரத்துக்காரர் மேல் எனக்கு மரியாதை உண்டு, தீர்ப்பும் தவறில்லை. ஆனால் ஊறுகாய் மறந்த கடையை ஊரே பார்த்துச் சிரித்தது. அச்சடித்து வாங்கியவர்களைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை.

சிங்கப்பூரில் இருந்து வரும் சொந்தக்காரர்கள், "எங்க ஊர்ல பத்து சதவீதம் போடத்தான் செய்றாங்க, யாரும் சண்டை போடறதில்லையே" என்பார்கள். உண்மைதான். அங்கே சர்வீஸ் சார்ஜ் வாங்க அனுமதி உண்டு. அதன் மேல் ஒன்பது சதவீத ஜிஎஸ்டியும் விழும், 100 வெள்ளிச் சாப்பாடு 119.90 ஆகும். வாங்கும் கடை அதைப் பார்வையில் படும்படி அறிவிக்க வேண்டும். அங்கே விதி ஒன்று, எல்லோருக்கும் ஒன்று. இங்கே ஒரு மேசையில் எடுக்கச் சொன்னால் எடுத்துவிடுகிறார்கள், அடுத்த மேசையில் பேசாமல் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். கேட்கத் தெரிந்தவருக்கு ஒரு விலை, கூச்சப்பட்டவருக்கு ஒரு விலை என்று ஆகிவிடுவதுதான் அநியாயம்.

வரியிலும் இந்தக் குழப்பம் உண்டு. ஜிஎஸ்டியில் சிறு வணிகர்களுக்கான காம்போசிஷன் திட்டத்தில் இருக்கும் சின்ன ஓட்டல், வரியைத் தன் கையிலிருந்துதான் கட்ட வேண்டும், சாப்பிட வந்தவரிடம் வாங்கக் கூடாது. அந்தத் திட்டத்தில் இருப்பதைப் பலகையிலும் பில்லிலும் எழுதவும் வேண்டும். பதிவே இல்லாத கடையும் வரி வாங்க முடியாது. பில்லில் ஜிஎஸ்டி என்று போட்டுவிட்டு ஜிஎஸ்டி எண் இல்லையென்றால் தயங்காமல் கேளுங்கள்.

பருத்திப்பட்டு ஓட்டல்காரர்களிடம் கேட்பது பெரிய காரியமில்லை. மீல்ஸ் விலைக்குப் பக்கத்திலேயே பார்சல் விலையும் எழுதுங்கள். கூட்டு பொரியல் இரண்டாம் தடவை உண்டா இல்லையா, ஜிபே உண்டா கேஷ் மட்டுமா, இதையும் உள்ளே வரும்போதே தெரிகிற இடத்தில் எழுதுங்கள். சாக்பீஸ் செலவு ஒரு ரூபாய்கூட ஆகாது. கம்பியில் குத்துவதற்கு முன் ஒரு நகலைக் கையில் கொடுங்கள்.

சாப்பிடுகிறவர்களுக்கு: சர்வீஸ் சார்ஜை எடுக்கச் சொல்லுங்கள், மறுத்தால் பில்லைப் பத்திரமாக வைத்துக்கொண்டு 1915-க்கு, தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கு, போன் செய்யுங்கள். அங்கே தீரவில்லை என்றால் நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. சாப்பிட்டது தி.நகரிலோ அண்ணா நகரிலோ இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு கொடுக்கலாம் என்று 2019 சட்டம் இடம் தருகிறது. பருத்திப்பட்டுக்காரருக்கு அது திருவள்ளூர் மாவட்ட ஆணையம். இரண்டு வருஷத்துக்குள் கொடுக்க வேண்டும். வக்கீல் கட்டாயமில்லை, நீங்களே பேசலாம். கொடுத்த பணம் ஐந்து லட்சம் ரூபாய் வரை என்றால் மனுவுக்குக் கட்டணமும் கிடையாது.