பதினாறரை மில்லிமீட்டர்

இரண்டு வருடங்களுக்கு முந்திய மார்கழி விடுமுறையில், மேல்மாடி அலுமாரியிலிருந்து ஒரு பெட்டியை இறக்கினேன். எட்டு வருடங்களுக்கு முன் வாங்கி, இரண்டே முறை ஓடவிட்டு, பத்திரமாகப் பொதிந்து வைத்த மாதிரி ரயில் எஞ்சின். விலை நூற்று நாற்பது பவுண். வீட்டில் நான் சொன்ன விலை அதில் பாதி. திறந்து பார்த்தால் எஞ்சினின் அடிச்சட்டம் வாழைப்பழம்போல வளைந்திருந்தது. கையில் எடுத்ததும் உடைந்து சாம்பல்நிறத் தூள் விரலில் ஒட்டியது. யாரும் தொடவில்லை, ஈரமும் படவில்லை. செய்த நிறுவனத்துக்கு எழுதினேன். உத்தரவாதம் ஓராண்டுக்குத்தான், உதிரிப்பாகம் இருப்பில் இல்லை என்று இரண்டு வரியில் பதில் வந்தது.

இந்த நோய்க்கு ஆங்கிலேயர் வைத்திருக்கும் பெயரைத் தமிழில் துத்தநாகப் பீடை என்று சொல்லலாம். சிறிய எஞ்சின்களின் அடிச்சட்டத்தைத் துத்தநாகக் கலவையில் வார்ப்பார்கள். அந்தக் கலவையில் ஈயமோ வெள்ளீயமோ கட்மியமோ மிகச் சிறிதளவு கலந்துவிட்டாலும் உலோகம் உள்ளிருந்தே அரிக்கத் தொடங்கும். வருடங்கள் கழித்து அது வீங்கி, வெடித்து, உதிரும். மருந்தில்லை. இது புதிய கண்டுபிடிப்பும் அல்ல. மிகத் தூய துத்தநாகத்தைப் பயன்படுத்தினால் பீடை வராது என்பதை அறிந்து, அமெரிக்காவின் நியூ ஜெர்சி துத்தநாக நிறுவனம் 1929லேயே அதற்கான கலவையை உருவாக்கிவிட்டது. அப்படியிருக்க, இந்த நூற்றாண்டில் செய்த எஞ்சின் ஏன் உதிர வேண்டும்? உருக்கும் பானைக்குள் கழிவு உலோகத்தைக் கொட்டாமல் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்பதைத் தவிர எனக்கு வேறு விடை தோன்றவில்லை.

அந்தக் கோபத்தில்தான் இந்தப் பொழுதுபோக்கின் வரலாற்றைப் படிக்கத் தொடங்கினேன். படிக்கப் படிக்க ஒன்று விளங்கியது. செய்பவர்மீது வாங்குபவருக்குள்ள மனக்குறைக்கு ஏறக்குறைய இந்தப் பொழுதுபோக்கின் வயதுதான்.

1922இல் ஜெர்மனியின் நூரம்பெர்க் நகரத்து பிங் நிறுவனம், நோர்தாம்ப்டனிலிருந்த பாசெட்-லோக் நிறுவனத்துக்காக ஒரு 'மேசை ரயில்' செய்தது. அதுவரை ரயில் விளையாட்டுக்குப் பெரிய கூடமோ தோட்டமோ வேண்டும். இனிச் சாப்பாட்டு மேசை போதும். தண்டவாளத்தின் அகலம் சுமார் 16 மில்லிமீட்டர். பின்னர் அது 16.5 என்று நிலைபெற்றது. உண்மையான பிரித்தானியத் தண்டவாளம் 4 அடி எட்டரை அங்குல அகலம் கொண்டது. ஓர் அடியை மூன்றரை மில்லிமீட்டராகச் சுருக்கினால் கணக்குச் சரியாக வரும். ஐரோப்பாவும் அமெரிக்காவும் அப்படித்தான் செய்தன. அதன் பெயர் எச்ஓ.

பிரித்தானியாவில் ஒரு சிக்கல். இங்கே சுரங்கங்களும் பாலங்களும் மற்றவர்களுக்கு முன்பே கட்டப்பட்டவை, ஒடுக்கமானவை. அதனால் ரயில்களும் ஐரோப்பிய ரயில்களைவிட மெலிந்தவை. மூன்றரை மில்லிமீட்டர் கணக்கில் சுருக்கினால் அந்தக் காலத்து மோட்டார் எஞ்சினுக்குள் அடங்காது. ஆகவே உடலை மட்டும் அடிக்கு நான்கு மில்லிமீட்டராகப் பெரிதாக்கினார்கள். தண்டவாளத்தைத் தொடவில்லை. சட்டையைப் பெரிதாகத் தைத்துவிட்டுப் பழைய செருப்பையே மாட்டிவிட்டதுபோல. அதற்கு ஓஓ என்று பெயர். 1938இல் ஹோர்ன்பி நிறுவனம் 'டப்ளோ' வரிசையை இந்த அளவிலேயே வெளியிட்டபின் அது நாட்டின் வழக்கமாகிவிட்டது. கணக்குப் பார்த்தால் பிரித்தானிய மாதிரி ரயில் அன்றுதொட்டு 4 அடி ஒன்றரை அங்குலத் தண்டவாளத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. ஏழு அங்குலம் குறைவு.

பொறுக்க முடியாதவர்கள் இருந்தார்கள். 18 மில்லிமீட்டர் அகலத்தில் தாமே தண்டவாளம் போட்டவர்கள் 1955இல் ஒரு சங்கம் அமைத்தார்கள். 1966இல் வேறு சிலர் 18.83 என்று நூறில் ஒரு பங்குவரை கணக்கிட்டு இன்னொரு முறையைக் கொண்டுவந்தார்கள். நிறுவனங்கள் அசையவில்லை. அசையவும் முடியாது, விற்ற தண்டவாளமெல்லாம் வீடுகளில் கிடக்கிறதே. அறுபதுகளில் 9 மில்லிமீட்டர் தண்டவாளத்தோடு என் என்ற இன்னும் சிறிய வகை வந்தபோது, தொடக்கத்திலிருந்தே சரியாகச் செய்ய ஒரு வாய்ப்புக் கிடைத்தது. ஐரோப்பியர் 160இல் ஒரு பங்காகச் சுருக்கினார்கள், பொருந்தியது. பிரித்தானியர் 148இல் ஒரு பங்கு என்று வைத்துக்கொண்டார்கள். மறுபடியும் பழைய செருப்பு.

பிறகு நிறுவனங்களே ஆட்டம் கண்டன. ஹோர்ன்பியின் தாய் நிறுவனமான லிவர்பூல் மெக்கானோவை 1964இல் போட்டியாளரான லைன்ஸ் சகோதரர்கள் வாங்கினார்கள். 1971இல் லைன்ஸ் சகோதரர்களே சரிந்தார்கள். ஹோர்ன்பி என்ற பெயர் மார்கேட் நகரத் தொழிற்சாலையில் பிழைத்துக்கொண்டது. தொண்ணூறுகளில் உற்பத்தி சீனாவுக்குப் போனது. பல நிறுவனங்களின் எஞ்சின்கள் சாண்டா கான் என்ற ஒரே ஒப்பந்த நிறுவனத்தில் செய்யப்பட்டன. 2008இல் அதை வாங்கியது ஹொங்கொங்கின் காடர் நிறுவனம். ஹோர்ன்பியின் போட்டியாளரான பாக்மனின் சொந்தக்காரர். கடையில் முன்பதிவு செய்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருக்கும் வாங்குபவனுக்கு, தன் எஞ்சின் எந்த வாசலில் சிக்கிக் கிடக்கிறது என்பது தெரிவதில்லை.

நிறுவனங்களின் பக்கமும் நியாயம் உண்டு. ஒரு புதிய எஞ்சினுக்கு உருக்கு அச்சு வெட்டுவது பெரும் செலவு. சில ஆயிரம் பேர் வாங்கினால்தான் கட்டுப்படியாகும். அதனால் எல்லோருக்கும் தெரிந்த 'ஃபிளையிங் ஸ்கொட்ஸ்மன்' திரும்பத் திரும்ப வரும். சில நூறு பேர் மட்டுமே நினைவில் வைத்திருக்கும் எஞ்சின் வராது.

என் உண்மையான மனக்குறை அங்கேதான் இருந்தது. நான் கோண்டாவில் ஸ்டேசனுக்குப் பக்கத்தில் வளர்ந்தவன். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது தண்டவாளத்தில் காது வைத்துக் கேட்போம். யாழ்தேவியை இழுத்துவந்த கனேடிய டீசல் எஞ்சின்கள்தான் நான் முதலில் கண்ட பெரிய யந்திரங்கள். எம்2 என்பது அவற்றின் வகுப்பு. கொழும்புத் திட்டத்தின் கீழ் 1954 முதல் கனடா தந்தவை. கட்டப்பட்டது ஒன்டாரியோவிலுள்ள லண்டன் நகரத்தில். அவற்றில் பலவற்றுக்குக் கனேடிய மாகாணங்களின் பெயர்களையே வைத்திருந்தார்கள். ஒன்டாரியோ என்ற சொல்லை நான் முதலில் வாசித்தது ஓர் எஞ்சினின் உடம்பில். அது ஓர் இடம் என்று பிறகுதான் தெரிந்தது. இன்று என் சொந்தக்காரரில் பாதிப்பேர் அங்கேதான் இருக்கிறார்கள்.

1990இல் யாழ்ப்பாணத்துக்கான ரயில் நின்றது. தண்டவாளங்களும் சிலிப்பர் கட்டைகளும் கழற்றப்பட்டுப் பதுங்குகுழிகளுக்குக் கூரையாயின. மறுபடி யாழ்ப்பாணம் வரை ரயில் ஓடியது 2014 ஐப்பசியில். இடைப்பட்ட இருபத்துநான்கு வருடங்களில் பிறந்து வளர்ந்த ஒரு தலைமுறைக்கு அந்த ஓசையே தெரியாது. அதை ஒரு மேசையில் ஓடவிட வேண்டும் என்பதுதான் என் ஆசை. இலங்கை நிறத்தில் எம்2 எஞ்சினை எந்த நிறுவனமும் செய்து நான் கண்டதில்லை.

ஒரு வழி இருந்தது. எம்2, ஜி12 என்ற ஏற்றுமதி வகையைச் சேர்ந்தது. அதே வகை எஞ்சின்கள் பிரேசிலிலும் ஓடின. அங்கே ஒரு நிறுவனம் அதை எச்ஓ அளவில் செய்கிறது. வாங்கி வர்ணம் பூசினால் போதும். ஆனால் இலங்கைத் தண்டவாளம் ஐந்தரை அடி அகலம். எச்ஓ கணக்கில் அதற்கு 19 மில்லிமீட்டருக்கு மேல் வேண்டும். 16.5இல் நிறுத்தினால், நூறு வருடமாக எல்லோரும் திட்டிய பிழையையே நானும் செய்தவனாவேன்.

இதையெல்லாம் சாப்பாட்டு மேசையில் புலம்பிக்கொண்டிருந்தபோது, பதினைந்து வயது மகள் கைபேசியிலிருந்து தலையை நிமிர்த்தினாள்.

"அப்பா, பதினாறரையை ஐந்தரையால் பிரிச்சால் என்ன?"

"மூன்று."

"சரியா மூன்று. அப்ப ஒரு அடிக்கு மூன்று மில்லிமீட்டர் எண்டு செய்யுங்கோ. தண்டவாளத்தை மாத்தத் தேவையில்லையே."

நான் தாளில் போட்டுப் பார்த்தேன். மிச்சமில்லாமல் வந்தது. அடிக்கு மூன்று மில்லிமீட்டர் என்பது புதிய அளவும் அல்ல. 1957இல் டிரையாங் நிறுவனம் டிடி என்ற பெயரில் அதே அளவில் ரயில்கள் விற்றது. அதுவும் தண்டவாளத்தை 12 மில்லிமீட்டர் என்று ஒடுக்கமாகவே வைத்தது. பிரித்தானிய ரயிலுக்கு ஒரு நாளும் பொருந்தாத அந்தப் பதினாறரை மில்லிமீட்டர், இலங்கை ரயிலுக்கு மயிரிழையும் பிசகாமல் பொருந்துகிறது. யாரும் எங்களை நினைத்து அதைச் செய்யவில்லை. ஆனாலும் ஒவ்வொரு பொம்மைக் கடையிலும் எங்கள் தண்டவாளம்தான் இத்தனை காலமும் விற்றுக்கொண்டிருந்திருக்கிறது.

உடலைக் கையால்தான் செய்ய வேண்டும். பழைய படங்களை அளந்து, பிளாஸ்டிக் தகட்டை வெட்டி ஒட்டிக்கொண்டிருக்கிறேன். சக்கரமும் மோட்டாரும் கைமாற்றுச் சந்தையில் வாங்கிய ஓர் அமெரிக்க எச்ஓ எஞ்சினிலிருந்து வந்தவை. அதன் அடிச்சட்டத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துத்தான் வாங்கினேன், வெடிப்பு இல்லை. சாரதி அறையின் ஒரு பக்க ஜன்னல் மற்றதைவிட அரை மில்லிமீட்டர் உயரம். மகள் உடனே கண்டுபிடித்துவிட்டாள்.

எப்போது முடியும் என்று கேட்டாள். பொங்கலுக்கு என்றேன். பொங்கல் போய்விட்டது. சித்திரைக்கு என்றேன். அதுவும் போய்விட்டது. இப்போது அவள் கேட்டால், தரத்தில் கவனம் செலுத்துவதால் சிறிது தாமதம் என்கிறேன். அந்த நிறுவனங்கள் எனக்கு எழுதும் கடிதங்களில் வருகிற அதே வசனம்.