வேகம் கூட்டிய கணினியும் ஹார்ட் டிஸ்க் கோளாறும்

தயாரிப்பாளர் குறித்த அளவுக்கு மேல் கணினியை ஓட்டும் ஓவர்கிளாக்கிங் பழக்கம், 1984-இல் வந்த ஐபிஎம் பிசி ஏடி காலத்திலேயே உண்டு. 6 மெகாஹெர்ட்ஸில் ஓடிய அந்தக் கணினியின் குவார்ட்ஸ் படிகத்தைக் கழற்றி வேறொன்றைப் பொருத்தினால் 8 மெகாஹெர்ட்ஸ் கிடைத்தது. ஐபிஎம்முக்கு இது பிடிக்கவில்லை. பின்னர் வந்த பயாஸ், வேகம் கூடியிருந்தால் கணினியைத் தொடங்கவே விடவில்லை.

ஹார்ட் டிஸ்க் இதில் பரவலாக மாட்டிக்கொண்டது 1990-களின் பிற்பகுதியில். 1998-இல் இன்டெல் வெளியிட்ட செலரான் 300ஏ பிராசசரின் பெருக்கி, அதாவது பஸ் வேகத்தைப் பெருக்கும் எண், 4.5 என்று பூட்டப்பட்டிருந்ததால், வேகத்தைக் கூட்ட ஒரே வழி மதர்போர்டின் பஸ் வேகத்தை ஏற்றுவதுதான். 66 மெகாஹெர்ட்ஸை 100 ஆக்கினால் 300 மெகாஹெர்ட்ஸ் பிராசசர் 450-இல் ஓடியது. ஆனால் பிசிஐ பஸ்ஸின் வேகமும் அதே கடிகாரத்தை வகுத்தே பெறப்பட்டது. 66-ஐ இரண்டால் வகுத்தாலும் 100-ஐ மூன்றால் வகுத்தாலும் பிசிஐ-க்கு உரிய 33 வந்துவிடும். சிக்கல் இடைப்பட்ட வேகங்களில்தான். 83-ஐ இரண்டால் வகுத்தால் 41.5, ஹார்ட் டிஸ்க்கை இயக்கும் ஐடிஇ கன்ட்ரோலரும் அந்த வேகத்துக்கு இழுபட்டது. வட்டின் சுழற்சி இதனால் மாறுவதில்லை. அதற்குத் தனிக் கடிகாரம் உண்டு. கெட்டது வட்டுக்குப் போய்வந்த தரவு. கோப்புகள் சிதைந்தன, விண்டோஸ் எழும்ப மறுத்தது, பழி வட்டின் மேல் விழுந்தது.

கேபிளில் நேர்ந்த பிழையை அறிய, தரவை மாற்றும் பழைய பிஐஓ முறையில் வழியே இல்லை. அல்ட்ரா டிஎம்ஏ முறை வந்தபோதுதான் அந்தப் பிழையைக் கண்டறியும் சிஆர்சி சோதனையும் சேர்ந்தது. வட்டே தன் உடல்நிலையைச் சொல்லும் ஏற்பாடு வேறு பாதையில் வளர்ந்தது: ஐபிஎம் 1992-இலும் காம்பேக் 1995-இலும் செய்த முயற்சிகள் இணைந்து ஸ்மார்ட் என்ற பொது முறையாயின. அதன் பட்டியலில் இரண்டு வரிகளைப் பிரித்துப் படிப்பதே நோயறிதலின் பாதி. 199-ஆம் எண்ணில் சிஆர்சி பிழை ஏறினால் சந்தேகம் கேபிள் மேலும் கடிகாரத்தின் மேலும் போக வேண்டும். 5-ஆம் எண்ணில் மாற்றி ஒதுக்கப்பட்ட செக்டர்கள் கூடிக்கொண்டே போனால் தட்டின் பரப்பே கெடுகிறது. 197-இல் காத்திருக்கும் செக்டர் மட்டும் தெரிந்தால் அவசரப்படக் கூடாது. எழுதும்போது மின்சாரம் தடுமாறியிருந்தாலும் அப்படிக் காட்டும், மறுபடி எழுதினால் மறைந்துவிடும்.

எல்லாப் பழியும் பொய்யல்ல. 2000-இல் வந்த ஐபிஎம் டெஸ்க்ஸ்டார் 75ஜிஎக்ஸ்பி வட்டுகள் வேகம் கூட்டாத கணினிகளிலும் 'டிக் டிக்' என்று அடித்துக்கொண்டு செத்தன. அமெரிக்காவில் வழக்கு வந்தது. ஐபிஎம் வட்டுத் தொழிலையே ஹிட்டாச்சியிடம் விற்றது. ஸ்மார்ட்டும் முழுச் சாட்சியல்ல. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வட்டுகளை வைத்துக் கூகுள் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், செத்தவற்றில் பாதிக்கு மேல் முக்கியமான நான்கு அறிகுறிகளில் ஒன்றைக்கூடக் காட்டியிருக்கவில்லை.

அனுபவத்தில் சோதனைக்கு ஒரு வரிசை அமைந்தது. முதலில் பயாஸை இயல்பு வேகத்துக்குத் திருப்புவது, உடனே தரவை வேறிடத்தில் பிரதி எடுப்பது, மெம்டெஸ்ட்86-ஆல் நினைவகத்தைச் சோதிப்பது, கேபிளை மாற்றுவது, கடைசியாக வட்டின் நீண்ட சுயசோதனை. விண்டோஸின் செக்டிஸ்க்கை முதலில் ஓட்டுவதுதான் பெரிய ஆபத்து. பிழையான நினைவகத்தை நம்பி அது 'சரிசெய்து' எழுதும்போது, நல்ல கோப்புகளும் போய்விடும்.

2002-இல் என்விடியாவின் என்ஃபோர்ஸ்2 சிப்செட் பிசிஐ வேகத்தை நிலையாகப் பூட்டிவைத்தது. சிக்கல் ஒழிந்தது போலத்தான் இருந்தது. ஆனால் 2011-இல் இன்டெலின் சாண்டி பிரிட்ஜ், வட்டை இணைக்கும் சாட்டா உட்பட எல்லாவற்றையும் மீண்டும் 100 மெகாஹெர்ட்ஸ் அடிப்படைக் கடிகாரம் ஒன்றிலேயே கட்டியது; அதைச் சில சதவீதத்துக்கு மேல் ஏற்ற முடியவில்லை. 2015-இல் வந்த ஸ்கைலேக் அந்தக் கட்டை அவிழ்த்தது. அதன்பின் வேகம் கூட்டிய கணினியில் கோப்பு சிதைந்தால், முதல் சந்தேகம் நினைவகத்தின் மேல்தான்.