பனகல் பூங்காவைச் சுற்றி ஒரு கட்சி

“பனகல் பார்க்குக்கு எதிர்த்தாப்ல இறங்கிக்கோங்க.” கல்யாணப் பட்டெடுக்கத் தி.நகருக்கு வருகிறவர்களுக்கு வழி சொல்வது இப்படித்தான். பூங்காவுக்குள் சிலையாக நிற்பவர் யாரென்று கேட்டால், புடவைப் பையோடு நிற்கும் பத்துப் பேரில் ஒருவர்கூடச் சொல்லமாட்டார். இந்த மறதி எனக்கு வருத்தம் தருகிறது. அந்தச் சிலை மட்டுமல்ல, சுற்றியுள்ள தெருக்களும் ஒரே கட்சியின் கதைதான்.

நூறு வருஷங்களுக்கு முன் இங்கே ஏரி இருந்தது. வெள்ளைக்காரர்கள் ‘லாங் டேங்க்’ என்று எழுதிவைத்த நீண்ட நீர்ப்பரப்பு. 1920களில் அதைத் தூர்த்து மாம்பலத்தில் புதுக் குடியிருப்பு போட்டார்கள். (2021 நவம்பர் மழையில் தி.நகர் தெருக்களில் தண்ணீர் வடியாமல் நின்றபோது பெரியவர்கள் பேசியது இந்த ஏரியைப் பற்றித்தான்.) அப்போது மாகாணத்தை ஆண்டது நீதிக்கட்சி. ஊருக்கு வைத்த பெயர், 1925இல் மறைந்த அக்கட்சியின் தலைவர் தியாகராயச் செட்டியாருடையது. 1916இல் அவரோடு சேர்ந்து கட்சியைத் தொடங்கிய இருவரில், டாக்டர் நாயருக்கு ஒரு சாலை கிடைத்தது. டாக்டர் நடேசனுக்குப் பூங்காவே கிடைத்தது. உஸ்மான் சாலையின் முகமது உஸ்மானும் அந்தக் கட்சிக்காரர்தான். 1934இல் சென்னை மாகாணத்தின் தற்காலிக கவர்னராக இருந்தவர். தணிகாசலம் சாலையும் அப்படியே. பாண்டி பஜார் என்றதும் புதுச்சேரி நினைவு வருகிறதல்லவா? அதுவும் அந்தக் கட்சியின் சௌந்தரபாண்டியனார் பெயரிலான அங்காடிதான்.

நடுவில் பனகல் அரசர். இயற்பெயர் ராமராயநிங்கார். 1921 முதல் 1926 வரை முதல்மந்திரி. அரசு வேலைகளை எல்லாச் சமூகங்களுக்கும் பங்கிடச் சொன்ன வகுப்புவாரி ஆணை 1921இல் வந்தது. கோயில் சொத்துக்கு அரசிடம் கணக்குக் காட்டவைத்த அறநிலையச் சட்டமும் அவர் ஆட்சியில்தான் வந்தது. இன்று இட ஒதுக்கீடு பற்றியும் கோயில் நிர்வாகம் பற்றியும் நாம் போடும் சண்டைகள் பலவற்றுக்கு வேர் அங்கே இருக்கிறது. 1928 டிசம்பரில் அவர் காலமானார். நல்லி பட்டுக்கடை தொடங்கியதும் அதே வருஷம்.

அந்தக் கட்சியின் காலத்துக்குப் பிந்தைய கதைகளும் பக்கத்திலேயே உண்டு. பூங்காவிலிருந்து ஜி.என். செட்டி சாலையில் நடந்தால், வாணி மகால் பக்கம் கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் சிலை. இந்த வட்டாரத்தில் என்னை அதிக நேரம் நிற்கவைப்பது இதுதான். 1949இல் ‘நல்லதம்பி’ படத்துக்கு அண்ணா எழுத, கலைவாணர் நடித்தார். கலைவாணர் 1957இலேயே போய்விட்டார். அமெரிக்காவில் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை செய்துகொண்டு திரும்பியிருந்த அண்ணா, 1969 ஜனவரியில், உடம்பு தேறாத நிலையிலும் நண்பனின் சிலையைத் திறக்க வந்தார். அவர் கலந்துகொண்ட கடைசிப் பொதுநிகழ்ச்சி அது. பிப்ரவரி 3ஆம் தேதி அவரும் இல்லை.

அதே முனையில் திருமலைப் பிள்ளை சாலைக்குள் திரும்பினால் காமராஜர் வாழ்ந்த வீடு. ஒன்பது வருஷம் முதலமைச்சராக இருந்தவருக்கு அது வாடகை வீடு. 1975 அக்டோபர் 2ஆம் தேதி அங்கேதான் உயிர் பிரிந்தது. இப்போது அரசு நினைவில்லம். உள்ளே போய்ப் பார்க்கலாம். புடவை எடுத்து முடித்து அரை மணி நேரம் மிஞ்சினால் பிள்ளைகளை அங்கே கூட்டிப்போங்கள்.

அடுத்த வாரம் மயிலாப்பூர் லஸ்.