பீப் ஒலியும் காணாத நினைவகமும்: வடசென்னை அசெம்பிள் கணினிகளின் வரலாறு

தாய்ப்பலகை, செயலி, நினைவகம், வன்தட்டு, மின்வழங்கி ஆகிய பாகங்களைத் தனித்தனியே வாங்கிப் பூட்டிய கணினியே அசெம்பிள் கணினி எனப்படுகிறது. 1990களிலும் 2000களிலும் இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் பகுதிகளின் தொழிலாளர் குடும்பங்கள் பலவற்றுக்குக் கணினி இவ்வடிவிலேயே வந்து சேர்ந்தது. நிறுவனக் கணினியைவிட இதன் விலை குறைவு. ஆனால் முழுக் கணினிக்கும் பொறுப்பேற்கும் ஒரே நிறுவனம் இல்லை. ஒவ்வொரு பாகத்துக்கும் தனி உத்தரவாதம். எனவே கணினி இயங்க மறுத்தால், எந்தப் பாகம் பழுது என்பதை முதலில் கண்டறிய வேண்டியிருந்தது. அதில் தவறினால் நல்ல பாகத்தை மாற்றிப் பணத்தை இழக்க நேரிடும். பீப் ஒலியைப் பற்றிய அறிவு இங்குதான் பயன்பட்டது.

ஒலி தோன்றிய காரணம்

1981 ஆகஸ்டில் ஐ.பி.எம். நிறுவனம் தன் தனியாள் கணினியை வெளியிட்டது. மின்சாரம் பாய்ந்ததும் அக்கணினி தன் பாகங்களைத் தானே சோதித்துக்கொள்ளும். எல்லாம் சரியாக இருந்தால் ஒரு குறுகிய பீப் ஒலி கேட்கும். நினைவகத்தில் பிழை இருந்தால் திரையில் 201 என்ற எண் தோன்றும்.

ஆனால் திரையே வேலை செய்யாதபோது பிழையை எப்படிச் சொல்வது? சோதனை நிரலின் பெரும்பகுதி ஓடுவதற்கு நினைவகத்தின் தொடக்கப் பகுதியாவது வேண்டும். அது இல்லாவிட்டால் திரையில் எழுத்தைக் காட்டும் நிலைக்கே கணினி வராது. அப்போது அதற்கு எஞ்சியிருக்கும் ஒரே வாய், பெட்டிக்குள் இருக்கும் சிறிய ஒலிபெருக்கி. இருண்ட திரையோடு வரும் பீப் ஒலி பெரும்பாலும் நினைவகத்தையோ திரை அட்டையையோ சுட்டுவதற்கு இதுவே காரணம்.

ஐ.பி.எம். கணினியை ஒத்த கணினிகளைப் பிற நிறுவனங்கள் செய்யத் தொடங்கியபோது, தொடக்க நிரலை எழுதும் தனி நிறுவனங்கள் தோன்றின. ஃபீனிக்ஸ், அவார்டு, அமெரிக்கன் மெகாட்ரெண்ட்ஸ் ஆகிய மூன்றும் அவற்றுள் முதன்மையானவை. கடைசியாகச் சொன்னதை 1985இல் சுப்ரமணியன் சங்கரும் பாட் சர்மாவும் அமெரிக்காவில் தொடங்கினர். பிற்காலத்தில் அதற்குச் சென்னையிலும் அலுவலகம் அமைந்தது.

மூன்று நிறுவனங்களும் மூன்று விதமான ஒலிக் குறியீடுகளைக் கையாண்டன. அமெரிக்கன் மெகாட்ரெண்ட்ஸ் நிரலில் மூன்று பீப் ஒலிகள் நினைவகத்தின் முதல் 64 கிலோபைட் பகுதியில் பிழை என்பதைக் குறித்தன. எட்டு ஒலிகள் திரை அட்டையின் நினைவகத்தைக் குறித்தன. அவார்டு நிரலில் ஒரு நீண்ட ஒலியும் இரண்டு குறுகிய ஒலிகளும் திரை அட்டைக் கோளாறு; நிற்காமல் தொடரும் நீண்ட ஒலி, நினைவகம் இல்லை அல்லது சரியாகப் பொருந்தவில்லை என்பதன் அடையாளம். ஃபீனிக்ஸ் நிரல் ஒலிகளை இடைவெளி விட்டுத் தொகுதிகளாக எழுப்பியது. ஆகவே ஒலியை எண்ணுவது மட்டும் போதாது. தாய்ப்பலகையில் இருப்பது யாருடைய நிரல் என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.

துறைமுகமும் கடைவீதியும்

1960களில் பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்களின் வாழ்வாதாரத்துக்காகத் துறைமுகத்தின் எதிரே இராஜாஜி சாலையில் பர்மா பஜார் உருவானது. வெளிநாட்டு வானொலிகளும் ஒலிப்பதிவுக் கருவிகளும் அங்கே விற்றன. கணினிப் பாகங்களுக்கான பெரிய சந்தையாக வளர்ந்தது அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெரு. 1983இல் சென்னைத் துறைமுகத்தில் சரக்குப்பெட்டக முனையம் செயல்படத் தொடங்கியது. கண்டெய்னர் லாரிகளின் நீண்ட வரிசை திருவொற்றியூர், எண்ணூர் சாலைகளின் அன்றாடக் காட்சியானது.

1997இல் இந்தியா உலக வணிக அமைப்பின் தகவல் தொழில்நுட்ப உடன்படிக்கையில் சேர்ந்தது. அதன்படி கணினிப் பாகங்களின் மீதான சுங்கவரி படிப்படியாகக் குறைந்து 2005இல் நீங்கியது. விலை இறங்க இறங்க, அசெம்பிள் கணினி ஆலைத் தொழிலாளியின் வீட்டுக்கும் எட்டும் பொருளாயிற்று.

உப்புக்காற்றும் பொன்முலாமும்

முதல் கணினிகளில் நினைவகச் சில்லுகள் தனித்தனியே குழிகளில் செருகப்பட்டிருந்தன. சூடாகி ஆறும்போதெல்லாம் அவை சிறிது சிறிதாக மேலெழுந்து தொடர்பை இழக்கும். விரலால் அழுத்தினால் கணினி மீண்டும் இயங்கும். பிறகு சில்லுகளைத் தாங்கிய பட்டைகள் வந்தன. 72 ஊசிப் பட்டைகளில் சில வெள்ளீயம் பூசியவை, சில பொன்முலாம் பூசியவை. ஒன்றைப் பூசிய பட்டையை மற்றதைப் பூசிய குழியில் செருகினால், நாளடைவில் தொடுமிடத்தில் ஆக்சைடு படிந்து தொடர்பு கெடும். 168 ஊசிப் பட்டைகளும் பின்வந்த டிடிஆர் வகைகளும் பொதுவாகப் பொன்முலாம் பூசியவை. பொன் துருப்பிடிக்காது. ஆனால் அந்த முலாம் மிக மெல்லியது. அதன் நுண்துளைகள் வழியே உப்பும் ஈரமும் அடியிலுள்ள உலோகத்தை அடையும்.

கடற்கரைப் பகுதியான வடசென்னையில் காற்றில் உப்பும் ஈரமும் உண்டு. 1970 முதல் 2017 வரை இயங்கிய எண்ணூர் அனல்மின் நிலையத்தின் சாம்பலும், சாலைப் புழுதியும் அதனோடு சேர்ந்தன. விசிறி இழுக்கும் காற்றோடு இவையெல்லாம் பெட்டிக்குள் செல்லும். கணினி பீப் என்று கத்தினால் நினைவகத்தைக் கழற்றி, அதன் விளிம்பை ரப்பரால் துடைத்து மீண்டும் மாட்டுவது பழுதுபார்ப்போரின் முதல் வைத்தியமானது. பல நேரங்களில் அதுவே போதும். புதிய பட்டை வாங்க வேண்டியதில்லை.

அதைச் செய்யும் முறை முக்கியம். முதலில் மின்கம்பியை உருவிவிட்டு, பெட்டியின் உலோகப் பகுதியைத் தொட்டு உடலிலுள்ள நிலைமின்னை நீக்க வேண்டும். மென்மையான ரப்பரால் இலேசாகத் துடைத்து, துகள் குழிக்குள் விழாமல் தள்ளிவிட வேண்டும். அழுத்தித் தேய்த்தால் முலாமே போய்விடும். ஐசோபுரோபைல் ஆல்கஹால் தோய்த்த துணி இன்னும் பாதுகாப்பானது. பிறகு பட்டையை இருபுறக் கொக்கிகளும் பூட்டும்வரை நேராக அழுத்த வேண்டும். இரண்டு பட்டைகள் இருந்தால் ஒவ்வொன்றாக, ஒவ்வொரு குழியிலும் மாற்றிச் சோதித்தால் பழுது பட்டையிலா குழியிலா என்பது விளங்கும்.

காணாமற்போன நினைவகம்

கணினி இயங்கினாலும் நினைவகம் குறைவாகக் காட்டுவது இன்னொரு குறை. பென்டியம் கணினிகளில் 72 ஊசிப் பட்டைகளை இணையாகவே செருக வேண்டும். ஒன்றை மட்டும் செருகினால் அது கணக்கில் வராது. தாய்ப்பலகையிலேயே திரை அட்டை அமைந்த கணினிகளில், அது பொது நினைவகத்தில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும்.

2000களின் பிற்பகுதியில் பலரைக் குழப்பியது 4 ஜிபி கணக்கு. 32 பிட் விண்டோஸ் எக்ஸ்பி சுட்டக்கூடிய முகவரிகள் 429,49,67,296 மட்டுமே. திரை அட்டை முதலிய கருவிகளுக்கும் அதிலேயே இடம் ஒதுக்க வேண்டும். ஆகவே 4 ஜிபி வாங்கிப் பூட்டியவருக்குத் திரையில் 3.25 ஜிபி அளவே தெரியும். காரணம் தெரியாதவருக்கு, கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்றே தோன்றும். உண்மையில் பட்டை முழுமையாகவே இருந்தது; எண்ணும் முறைக்குத்தான் எல்லை. 64 பிட் இயங்குதளங்கள் பரவியபின் இக்குறை மறைந்தது.

இன்றைய நிலை

புதிய பெட்டிகள் பலவற்றில் அந்தச் சிறு ஒலிபெருக்கி இல்லை. தாய்ப்பலகையில் எரியும் சிறு விளக்குகளோ இரண்டு இலக்க எண்களோ கோளாற்றைச் சொல்கின்றன. மெல்லிய மடிக்கணினிகள் பலவற்றில் நினைவகம் பலகையோடு பற்றவைக்கப்பட்டிருப்பதால் கழற்றித் துடைக்கவும் வழியில்லை. பழைய கணினியை மின்கழிவு என்று ஒதுக்கும் முன், அதன் ஒலியை எண்ணி, நினைவகத்தை ஒருமுறை துடைத்து மாட்டிப் பார்ப்பது நல்லது. படிக்கும் பிள்ளை உள்ள வீட்டில் அந்தக் கணினி இன்னும் சில ஆண்டுகள் உழைக்கக்கூடும்.