கவாத்து நாளும் குளிர்நாட்டுச் சிவப்பு ஒயினும்

கறுப்புத் திராட்சையை நசுக்கிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், தோல்தான் கறுப்பு, சாறு வெளிறியது. தில்லி பூசாவிலுள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் 1990களில் வெளியிட்ட ‘பூசா நவரங்’ திராட்சைக்குச் சதையும் சிவப்பு. பிழிந்த உடனே சாறு சிவந்து வழியும். பழச்சாற்றுக்கும் ஒயினுக்கும் என்றே உருவாக்கப்பட்ட ரகம் அது. அதன் தாய் ‘மாட்லேன் ஆஞ்செவீன்’, பிரான்சின் ஆஞ்சே நகரில் 19ஆம் நூற்றாண்டில் தோன்றிய, வெகு சீக்கிரம் பழுக்கும் வெள்ளை ரகம். தந்தை ‘ரூபிரெட்’, கலிபோர்னியாவின் வெப்பமான மத்தியப் பள்ளத்தாக்கை மனத்தில் கொண்டு ஹரால்ட் ஓல்மோ உருவாக்கி 1958இல் வெளியான, சாறுவரை சிவந்த ரகம்.

முந்திப் பழுக்க வேண்டும். வெயிலிலும் நிறம் நிற்க வேண்டும். தில்லி மண்ணில் சிவப்பு ஒயினுக்கான திராட்சை கேட்கும் வரங்கள் இவை இரண்டும். ஏன் இவற்றைக் கேட்கிறது என்று ஆராய்ந்தால், குளிர்நாட்டுச் சிவப்பு ஒயினின் குணம் எங்கிருந்து வருகிறது என்பதும் விளங்கும்.

கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் அமெரினும் விங்க்ளரும் 1944இல் ஒரு கணக்கை வகுத்தனர். ஏப்ரல் முதல் அக்டோபர் வரை, ஒவ்வொரு நாளின் சராசரி வெப்பநிலையிலும் 10 டிகிரி செல்சியஸுக்கு மேலே உள்ளதை மட்டும் கூட்டிக்கொண்டே போவது. கூட்டுத்தொகை ஏறத்தாழ 1,390க்குள் நின்றால் அந்த ஊர் மிகக் குளிர்ந்த முதல் மண்டலம். 2,220ஐத் தாண்டினால் மிக வெப்பமான ஐந்தாம் மண்டலம். இதே கணக்கைத் தில்லிக்குப் போட்டால் விடை 4,000ஐத் தாண்டுகிறது. அளவுகோலே போதவில்லை. ஆனால் வெப்பம் எந்த வாரங்களில் விழுகிறது என்பதை இந்தக் கூட்டுத்தொகை சொல்வதில்லை. சிவப்பு ஒயினைப் பொறுத்தவரை, காய் நிறம் மாறத் தொடங்குவதிலிருந்து பறிப்பு வரையிலான ஆறேழு வாரங்களே மொத்த வெப்பத்தைவிட முக்கியம் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

அந்த வாரங்களில்தான் தோலில் ஆந்தோசயனின் என்னும் நிறமி சேர்கிறது. பழத்தின் மாலிக் அமிலம் அதன் சுவாசத்தில் செலவாகிக்கொண்டே போவதும் அப்போதுதான். இரவு குளிர்ந்தால் செலவு குறையும். புளிப்பு தங்கும், நிறமும் ஏறும். வெப்பம் 35 டிகிரியில் நின்றுவிட்டால் நிறமி உருவாவது தடைபடும், உருவானதும் சிதையும். பர்கண்டியில் பழம் முதிரும் செப்டம்பர், வெப்பம் இறங்கும் மாதம். திஜோன் நகரில் இரவு 11 டிகிரியை ஒட்டி வந்துவிடும். தில்லியில் இது தலைகீழ். ஜனவரியில் கவாத்து (கொடியை வெட்டிவிடுவது), மே இறுதியிலும் ஜூனிலும் பழம். அப்போது பகலில் 40 டிகிரி, ஜூன் இரவிலும் 27, 28. ஜூன் கடைசியில் பருவமழை வந்துவிட்டால் பழம் வெடித்து அழுகும் என்பதால் பறிப்பைத் தள்ளிப்போடவும் வழியில்லை. ஆஞ்சேயிலிருந்து ஒரு தாய் வேண்டியிருந்தது இதனால்தான்.

நாசிக் தில்லிக்கு எட்டு டிகிரிக்கும் மேல் தெற்கே இருக்கிறது. வரைபடத்தை மட்டும் நம்பினால் அங்கே நிலைமை இன்னும் மோசமாக இருக்க வேண்டும். ஆனால் அங்கே ஏப்ரலில் ஒரு கவாத்து, செப்டம்பர், அக்டோபரில் இன்னொரு கவாத்து. பறிப்பு ஜனவரி முதல் மார்ச் வரை. ஜனவரி இரவுகள் 10 டிகிரியை ஒட்டியவை. 2000இல் முதல் ஒயினை வெளியிட்ட சூலா உள்ளிட்ட நாசிக் ஆலைகள் இந்த நாட்காட்டியின் மேல்தான் நிற்கின்றன. மார்ச்சுக்குத் தள்ளிப்போகும் பழம் கோடை வெயிலில் மாட்டிக்கொள்ளும். கவாத்துத் தேதியின் முக்கியத்துவத்தைக் கம்பம் பள்ளத்தாக்கு விவசாயிக்கு விளக்க வேண்டியதில்லை. 2023இல் புவிசார் குறியீடு பெற்ற அங்குள்ள பன்னீர் திராட்சை ஆண்டு முழுவதும் பறிக்கப்படுகிறது. கவாத்து நாளை வைத்தே பறிப்பு நாளை அவர் சொல்லிவிடுவார். ஐரோப்பியர் மலைச்சரிவில் தேடும் குளிரை இந்தியாவில் தேதியில் தேட முடிகிறது. நந்தி மலையடிவாரத்தில் க்ரோவர் ஒயின் நிறுவனத்தின் தோட்டங்களுக்கு உயரமும் கைகொடுக்கிறது. ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் ஆறரை டிகிரி குறையும்.

நாட்காட்டியைத் திருப்பாமலே இலையுதிர் காலக் குளிரில் திராட்சை பழுக்கும் இடம் காஷ்மீர். மகாராஜா ரண்பீர் சிங் போர்தோவிலிருந்து கொடிகளைத் தருவித்துத் தால் ஏரிக்கரையில் நடச் செய்தார். அங்கே ஒயினும் வடிக்கப்பட்டது. வேரை அரிக்கும் பிலாக்ஸெரா பூச்சி அந்தத் தோட்டங்களைத் தாக்கியது. முயற்சி நிலைக்காமல் போனதற்காக அந்த இடத்தையே தவறென்று ஒதுக்குவது நியாயமாகாது.

எல்லாம் தோட்டத்திலேயே முடிந்துவிடுகிறதா என்ற கேள்விக்குப் பர்கண்டியின் க்ளோ த வூஜோவைக் காட்டுவார்கள். சிஸ்டர்சியன் துறவிகள் 1336இல் மதில் எழுப்பி முடித்த 50 ஹெக்டேர். இன்று சுமார் 80 உரிமையாளர்கள். ஒரே மதில், ஒரே ‘பினோ நுவார்’, ஆனால் ஒயின்கள் வேறுவேறு. ஒருவர் காம்பை நீக்குகிறார், இன்னொருவர் குலையோடு நொதிக்க விடுகிறார்; ஒருவர் 228 லிட்டர் ஓக் பீப்பாயைப் புதிதாக வாங்குகிறார், இன்னொருவர் பழையதே போதும் என்கிறார். ஆனால் மதிலுக்குள்ளும் மண் ஒன்றல்ல. மேற்புறம் நீர் வடியும் சுண்ணாம்பு மண், சாலையோரம் ஈரக் களிமண். அதோடு, இந்த 80 பேரும் செய்வது ஏற்கெனவே புளிப்புள்ள பழத்தை இழைப்பதுதான்.

அந்தக் கைமுறையை வெப்ப நிலத்துக்கு அப்படியே கொண்டுவந்தால் கேடு விளையும். காம்பிலுள்ள பொட்டாசியம் சாற்றின் பி.எச். அளவை உயர்த்தும், காம்பு நிறத்தையும் உறிஞ்சும். பர்கண்டிப் பழம் இதைத் தாங்கும். புளிப்பிழந்த பழத்தின் ஒயின் மங்கிப்போகும், கிருமிகளுக்கும் இடம் தரும். குளிர்நாட்டு ஆலை சர்க்கரை சேர்க்கிறது, வெப்பநாட்டு ஆலை டார்டாரிக் அமிலம் சேர்க்கிறது. அமிலம் சேர்த்தால் புளிப்பு ஈடாகும்; குளிரில் மெல்லப் பழுக்கும்போது பழத்தில் சேரும் மணத்தை அமிலத்தால் ஈடுகட்ட முடியாது.

பூசா நவரங் தில்லியின் நிறச் சிக்கலுக்கு நேர்மையான விடை. குளிர்நாட்டு ஒயினை அது தராது, தருவதாகச் சொல்லவும் வேண்டாம். அந்த ஒயினை விரும்பும் இந்திய ஆலைகளும் ஆய்வு நிலையங்களும் நொதிகலன்களிலும் பீப்பாய்களிலும் பணம் போடுவதற்கு முன், பழுக்கும் ஆறேழு வாரங்களின் இரவு வெப்பநிலையைத் தோட்டவாரியாகப் பதிவுசெய்ய வேண்டும். கவாத்துத் தேதியைப் பத்துப் பத்து நாளாக நகர்த்திச் சோதனை நடத்த வேண்டும். காஷ்மீரில் பூச்சியைத் தாங்கும் வேர்க்கொடிகளில் ஒட்டுக்கட்டி மறுபடியும் நட்டுப் பார்க்க வேண்டும்.